ஹென்ட்ரிக்குக்கு விமானம் ஆகாது

நாயின் வக்கீல் என்று ஓர் இனம் இருக்கிறது. கறுப்புக் கோட்டு கிடையாது. நாய் மயிர் ஒட்டிய கம்பளிச் சட்டைதான் சீருடை. கட்சிக்காரர் கட்டணம் தருவதில்லை, வழக்கு என்னவென்று அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனாலும் இவர் காலையில் கழுத்துப்பட்டியை மாட்டும் நேரத்திலிருந்து வாதாடிக்கொண்டே இருப்பார். "அவனுக்கு இந்த சோபா பிடிக்கலை." "அவனுக்கு உங்க அக்கா குரல் ஒத்துக்கலை." "அவனுக்கு இன்னிக்கு வெளிய போற மனசே இல்லை." உலகத்தில் சாப்பாடு போதவில்லை என்ற ஒரே ஒரு கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நாய் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். மற்ற கருத்துகளெல்லாம் வக்கீல் சேர்த்தவை.

இவரை நீங்கள் எங்கே பார்க்கலாம்? எங்கும். நான் பார்த்தது நெதர்லாந்தில், டெவென்டர் நகரத்தில், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். பெயர் ரைண்டர். நகராட்சிப் பாலங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறியாளர். உடன் மனைவி மார்யொலைன், பதினேழு வயது மகள் ஃபெனா, எழுபது கிலோ ஹென்ட்ரிக், நாலு கிலோ யூஃப். ஹென்ட்ரிக் நாய். யூஃப் பூனை. எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பூனை ஒருவரைப் பார்க்கும் பார்வையைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது.

அந்த வீட்டு மாடிப்படி ஏணிக்குத் தங்கை. செங்குத்து. யூஃப் மூன்றாவது படியில் உட்கார்ந்து கையை நக்க ஆரம்பித்தால் ஹென்ட்ரிக் கீழே நின்று அரை மணி நேரம் முனகுவான். எழுபது கிலோ! யாராவது வந்து பூனையைத் தூக்கினால்தான் மேலே போவான்.

"பூனைக்குப் பயப்படுது, பாவம்," என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

"பயமில்லை," என்றார் ரைண்டர். "மரியாதை."

பிறந்தநாள் விருந்து வந்துவிட்டால் வக்கீலுக்குப் பெரிய கோர்ட்டு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, அவருடைய மச்சானையும் மச்சானின் மனைவியையும் பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் கை குலுக்கி வாழ்த்தி, ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு துண்டு கேக் என்று கொடுத்து, எல்லோரும் வானிலையை முடித்துவிட்டு முழங்கால் வலிக்கு வரும் நேரத்தில் ரைண்டர் எழுந்து நிற்பார். "ஹென்ட்ரிக்குக்குக் கூட்டம் போதும்." உடனே எல்லோரும் கோட்டைத் தேடுவார்கள். ஹென்ட்ரிக் அப்போது யாரோ ஒருவரின் மடியில் தலையை வைத்து, கேக்கையே உலகமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை.

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது, கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம் வரும் வரை.

இருபத்திரண்டு கோடைகளாக அவர்கள் காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு பிரான்சில் ஒரே விடுமுறை முகாமுக்கு, அதே மரத்தடிக்குப் போய் வந்தவர்கள். கூடவே நம் ஊர் உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, நிலக்கடலை வெண்ணெய் மூன்று பாட்டில். பிரான்சில் சாப்பாடு கிடைக்காதே! இந்த வருஷம் மார்யொலைன் வேறு ஒரு சொல் சொன்னார்.

"லிஸ்பன். விமானத்துல. செப்டம்பர்ல ரெண்டு வாரம்."

"ஹென்ட்ரிக் தாங்க மாட்டான்."

"ஹென்ட்ரிக்கை யாரு கூப்பிட்டா? அவன் நாய் விடுதில இருப்பான்."

"புது இடத்துல அவனுக்குத் தூக்கம் வராது."

"போன வாரம் சைக்கிள் மேலயே விழுந்து தூங்கினான்."

"அது தூக்கமில்லை. யோசனை."

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? மார்யொலைனும் ஒரு கட்சிக்காரியைப் பிடித்தார். "யூஃப் என்ன சொல்றா தெரியுமா? அந்தக் கேரவனைப் பாத்தாலே அவளுக்குக் குமட்டுதாம்."

"அவ அதுல ஏறினதே இல்லையே!"

"ஏறாமலே குமட்டுதுன்னா எவ்வளவு மோசம்னு பாத்துக்க."

"நீங்க ரெண்டு பேரும் உங்க வாயால பேசுங்களேன்," என்றாள் ஃபெனா. "எனக்குத் தலை சுத்துது."

"பாரு, ஹென்ட்ரிக்குக்கும் சுத்துது," என்றார் அப்பா.

இரண்டு வாரம் இப்படி நடந்தது. சுவர் மெல்லிசு, நான் ஒன்றையும் தவறவிடவில்லை. கடைசியில் மார்யொலைன் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினார். அதுதான் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் சீட்டைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. நீ வரலைன்னா நான் அக்காகூடப் போறேன். நம்ம இருபத்தஞ்சாவது வருஷத்தை அக்காகூடக் கொண்டாடிட்டு வரேன். கேக்குதா ரைண்டர்?"

"ஹென்ட்ரிக் ரொம்ப வருத்தப்படுவான்."

கதவு சாத்திய வேகத்தில் என் சுவரில் மாட்டியிருந்த படம் கோணியது.

ஆனாலும் ரைண்டர் நியாயவான். விடுதியைப் பார்க்காமலே மறுப்பது தவறு என்று ஒப்புக்கொண்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு முன்கூட்டியே நேரம் வாங்கினார். விடுதி ஒரு படிவம் அனுப்பியது. இந்த நாட்டில் நாய் குரைப்பதற்கு மட்டும்தான் இன்னும் படிவம் வரவில்லை. 'உங்கள் நாயின் குணம், பழக்கம், அச்சங்கள்' என்று அரைப்பக்கம் இடம் விட்டிருந்தார்கள். ரைண்டருக்கு அது போதவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து, பாலத்துக்கு அறிக்கை எழுதுவதுபோல் எழுதி, கூடுதல் தாள் இணைத்தார்.

எழுபது கிலோவை ஏற்ற என் வேன்தான் வசதி என்பதால் ரைண்டர், மார்யொலைன் இருவரோடும் நானும் போனேன். விடுதிக்காரர் ஹெர்மீன், ரப்பர் பூட்ஸ் போட்ட பெரிய உருவம். மேல்சட்டைப் பையிலிருந்து ஈரல் தொத்திறைச்சி வாசனை. ஹென்ட்ரிக் வேனிலிருந்து இறங்கினான், அந்தப் பையை முகர்ந்தான், ஹெர்மீனின் பூட்ஸ் மேல் உட்கார்ந்தான்.

"பாருங்க, பதறுறான்," என்றார் வக்கீல்.

ஹெர்மீன் ஒரு துண்டு தொத்திறைச்சியைக் கொடுத்துவிட்டு மைதானக் கதவைத் திறந்தார். ஹென்ட்ரிக் ஓடினான். அங்கே சேற்றில் புரண்டுகொண்டிருந்த இரண்டு நாய்களோடு தானும் புரண்டான்.

"ஹென்ட்ரிக்! வருத்தப்படாதடா! அப்பா இங்கதான் இருக்கேன்!"

ஹென்ட்ரிக் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு வக்கீலை அவர் கட்சிக்காரர் இவ்வளவு பகிரங்கமாகக் கைவிட்டதை நான் பார்த்ததில்லை.

ஹெர்மீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை உரக்கப் படித்தார். "'ராத்திரி சாப்பாடு சரியா ஆறு மணிக்கு. ஆறு பத்து ஆனா எரிச்சல் வரும்.' சரி. 'ஆலிவ் எண்ணெய் வயித்துக்கு ஆகாது.' நாங்க நாய்க்கு அதெல்லாம் ஊத்துறதில்லைங்க. 'முன்பின் தெரியாதவங்ககூட ஒரே மேசையில உக்காரப் பிடிக்காது.' மேசையா?" ஒரு தடவை ரைண்டரை ஏறிட்டுப் பார்த்தார். "'விமானம் கிளம்பும்போது மூச்சு முட்டும். கை வேர்க்கும்.'"

மைதானத்தில் ஹென்ட்ரிக் சந்தோஷமாகக் குரைத்தான்.

"ஏங்க, நாய் இங்கதானே இருக்கப் போகுது? அதை யாரு விமானத்துல ஏத்துறா? அப்புறம் எந்தக் கைங்க வேர்க்குது?" என்றார் ஹெர்மீன்.

"முன்னங்கால்னு எழுத வந்தேன்," என்றார் ரைண்டர்.

மார்யொலைன் படிவத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். ஹெர்மீனுக்குத் திடீரென்று வாளி கழுவும் வேலை ஞாபகம் வந்தது. எனக்கு வேனின் டயரைப் பார்க்க வேண்டியிருந்தது. டயர் கேட்கும் தூரத்தில்தான் இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"தொண்ணூத்தி நாலுலேர்ந்து. ஆபீஸ்ல ஆஸ்லோவுக்கு அனுப்பினாங்க. பக்கத்து சீட்டுல ஒரு பாதிரியார். கிளம்பும்போது அவர் கையைப் பிடிச்சவன், இறங்குற வரைக்கும் விடலை. அவர் ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தார். எனக்காகவா, கைக்காகவான்னு தெரியலை."

"இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் பாலம் பாக்குறவன், மார்யொலைன். நான் நிக்கும்னு சொன்னா நிக்கும்னு ஊரே நம்பி மேல லாரி ஓட்டுது. நானே போய்..." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குப் பயமா இருக்கு."

ரைண்டர் வாயிலிருந்து 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதுக்காக அந்த நாயைப் போய் பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டியே!" என்றார் மார்யொலைன். அப்புறம், "ரயில்ல வருவியா?"

"ரெண்டு நாள் ஆகும்."

"அக்காகூட ரெண்டு நாள்னா அவ பேசியே கொன்னுடுவா. நீ பேச மாட்ட. வா."

"கேரவன் விஷயத்துல யூஃப்..."

"யூஃபுக்கு ஒண்ணுமில்லை. எனக்குத்தான். அந்த உருளைக்கிழங்கு மூட்டையைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது ரைண்டர், முதல் வருஷத்துலேர்ந்து."

நாலு மணிக்கு விமானச் சீட்டை வேண்டாமென்று சொன்னார்கள். செப்டம்பரில் ரயிலில் போனார்கள். ஹென்ட்ரிக் விடுதியில் மூன்று கிலோ ஏறினான்.

ரைண்டர் தொழிலை விட்டுவிட்டாரா? பெரிய வழக்குகளை எடுப்பதில்லை. பிறந்தநாள் கூட்டத்தை மட்டும் இன்னும் ஹென்ட்ரிக் பெயரில்தான் கலைக்கிறார். அதை நாங்களும் ஆட்சேபிப்பதில்லை. முழங்கால் வலிக் கதை எங்களுக்கும் போதும்.

நாய் வளர்க்காத நீங்கள் இதுவரை நிம்மதியாகச் சிரித்திருப்பீர்கள். இந்தத் தொழிலுக்கு நாய் கட்டாயமில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்துப் பேசாத எந்த ஜீவனும் போதும். போக மனமில்லாத ஒரு கல்யாணத்துக்கு, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வெளிய வரவே மாட்டேங்குறான்," என்று இப்போதுதான் ஃபோனில் சொல்லி வைத்தீர்களா? கொஞ்சம் வாசல் பக்கம் எட்டிப் பாருங்கள். புதுச்சட்டையும் செருப்பும் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.