மேகத்தில் வைத்து எடுத்த படம்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
2004 ஆவணி 14

அன்புள்ள மச்சான் பாலனுக்கு,

அத்தான் தவராசா எழுதிக்கொள்வது. ரொறன்ரோவில், அந்தக் குளிர் தேசத்தில், நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மன் துணை நிற்பாளாக. இங்கு உம்முடைய அக்கா விமலேஸ்வரி சுகம், மாடுகள் சுகம், நீர் அனுப்பிய கமராவும் சுகம். அதைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஆளுக்குத்தான் மூளை கொஞ்சம் சுகமில்லை என்று ஊரில் கதை. அந்தக் கதையை அக்கா தன் பாணியில் உமக்குப் போனில் சொல்லுமுன் நானே எழுதிவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன்.

கமராப் பெட்டிக்குள், உம்முடைய வீட்டுச் சுவரில் இருக்கும் எங்கள் கலியாணப் படத்தின் பிரதி ஒன்றும் வைத்திருந்தீர். தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து ஓடினபோது அல்பம் முழுவதும் போய், எங்களுக்குக் கலியாணம் நடந்ததற்கே சாட்சி இல்லாமல் இருந்த வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது. அக்கா அதைச் சுவரில் கொழுவிவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய பிலிமின் நிறம் உமக்குத் தெரியும்தானே. கூறைச்சேலை பழுத்த மிளகாய்ச் சிவப்பு, எங்கள் இரண்டு பேரின் முகத்திலும் பின்னேர வெயில். பார்த்து முடித்துச் சொன்னார்: “இஞ்சருங்கோ, இருபத்தைஞ்சு வருசமாகுது. இதே நிறத்தில இப்பவும் ஒரு படம் எடுத்துத் தாங்கோ. பக்கத்தில கொழுவவேணும்.” மச்சான், இந்த மனுசி என்னிடம் வாய்விட்டுக் கேட்ட சாமான் இதோடு இரண்டு. முதலாவது, சமைக்கிற குசினிக்கு ஒழுகாத கூரை. அது இன்னும் ஒழுகுகிறது. ஆகவே இரண்டாவதிலாவது மானத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து வளவுப் பொன்னையாவைக் கொண்டு எங்களை ஒரு படம் எடுப்பித்து, கிளிநொச்சி ரவுணில் கொம்பியூட்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, பழைய படம்போல ஆக்கித் தரச் சொன்னேன். அவர் பெரிய மனம் படைத்தவர். எங்களைப் பனிமலைக்கு முன்னால் நிறுத்தி, எனக்குக் கோட்டுப் போட்டு, தலையில் மயிரும் நட்டுத் தந்தார். நான் உள்ளூரச் சந்தோசப்பட்டேன் என்பதை உம்மிடம் மறைக்கவில்லை. அக்கா படத்தை வாங்கிப் பார்த்து, “ஆர் இந்த மனுசன்?” என்று கேட்டார். பிறகு தன்னைப் பார்த்தார். “என்ர நரை எங்க? அது நான் பாடுபட்டு வந்த நரை. இனிமேல் கொம்பியூட்டர் ஒண்டும் கை வைக்கப்படாது. எடுத்தபடிக்கு அந்த நிறம் வரவேணும்.”

அதற்குப் பிறகுதான் உமக்குப் போன் எடுத்து வழி கேட்டேன். நீர் என்ன சொன்னீர்? “அத்தான், அது சுகம். மேகத்தில வைச்சு எடுங்கோ, மஞ்சள் ஏறும்.” சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டீர். நான் வயல் செய்கிற கமக்காரன். மேகம் என்றால் எனக்கு ஒரே ஒரு மேகம்தான் தெரியும். ஆடி மாதத்து வன்னியில், கச்சான் காற்று வீசி நிலம் வெடித்துக் கிடக்கிற காலத்தில், அக்காவைக் கூறைச்சேலையோடு முற்றத்துக் கதிரையில் இருத்திவிட்டு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் நின்றேன். பொன்னையா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன தவராசா, மழை வருமோ?” என்றான். “மழைக்கில்லை, படத்துக்கு” என்றேன். மூளைக் கதை புறப்பட்ட இடம் அந்த வேலிதான். கடைசியில் பொன்னையாதான் கமராவின் மேலே திருப்புகிற சில்லில் சூரியன், மேகம், பல்ப்பு என்று சின்னச் சின்னப் படங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தான். மேகத்தில் திருப்பி எடுத்தோம், செங்கமாரி வந்து மஞ்சளித்த சோடிபோல வந்தோம். பல்ப்பில் திருப்பி எடுத்தோம், அக்கா நீலமாகிப் போனார். “இது என்ர செத்தவீட்டுக்கு வைச்சிருங்கோ” என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போய்விட்டார்.

அந்தச் சின்னப் படங்களை எல்லாம் விட்டுவிட்டு, கமராவை முதலில் வந்தபடி வைத்து, விடாமல் எடுத்தேன். அக்கா ஒருபக்கம், “வெத்திலைக் கையோட அதைத் தொடாதேங்கோ” என்று பேசியபடி இருந்தார். நான் புதுச் சாமானை எவ்வளவு பக்குவமாக வைத்திருப்பவன் என்று உமக்குத் தெரியும். நீர் போன வருசம் வாங்கித் தந்த கதிரைகளின் பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை, ஆட்கள் இருந்தால் கிறீச்சிடுகிறது என்று அக்கா பேசுவார். கமராவையும் அதே கௌரவத்தோடுதான் வைத்திருக்கிறேன். கை படப்பட, நாளுக்கு நாள் நிறம் ஏறியது மச்சான். போன கிழமை பொன்னையா எங்கள் இரண்டு பேரையும் எடுத்த படத்தைப் பின்பக்கத்துச் சின்னத் திரையில் பார்த்தால், கலியாணப் படத்தின் அதே சிவப்பு, அதே வெயில். அக்கா பார்த்தார். கண்ணைத் துடைத்தார். எனக்கு அது போதும்.

படத்தைக் கடதாசியில் எடுக்க வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். ஓமந்தையில் சோதித்த ஆமிக்காரன்கூடத் திரையைப் பார்த்துத் தலையாட்டினான். வவுனியாவில் றிஸ்கான் என்பவரின் ஸ்ரூடியோ. படம் வெளியே வந்தது. வெறும் படம். தோய்த்துக் காயப்போட்டதுபோல வெளிறிக் கிடந்தது. “என்ர நிறம் எங்க தம்பி?” என்றேன். “உள்ளுக்கு இருந்ததுதான் ஐயா வந்திருக்கு. நான் ஒண்டும் செய்யல்ல.” திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “எனக்கும் விளங்கல்ல ஐயா.” “தொட்டுப்போட்டுத் தொடயில்லை எண்டு சொல்லாதையும்” என்று நாலு சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு, அவர் எடுப்பித்த தேத்தண்ணியையும் குடிக்காமல் வெளியேறினேன். வீட்டில் அக்கா அந்தப் படத்தைப் பார்த்து, “பறவாயில்லை” என்றார். அவர் பறவாயில்லை என்றால் மிகவும் பறவாயிருக்கிறது என்று பொருள்.

ஆகவே மச்சான், குற்றம் என்னிலும் இல்லை, என் கையிலும் இல்லை. நிறம் கமராவுக்குள் இருக்கிறது, வெளியே வரத்தான் மறுக்கிறது. கொம்பனிக்காரரிடம் விசாரித்து எழுதும். வெளியே நிறம் விடக்கூடிய வேறொரு கமராவை அனுப்பினாலும் நான் கோபிக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். உமது துணைவியாரை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் எங்களையும் சுகமாய்ப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்
க. தவராசா

பி.கு.: கடிதத்தை ஒட்ட இருந்தபோது அக்கா கமராவை முந்தானையால் துடைத்தார். “இஞ்சருங்கோ, இதென்ன தோல் உரியுது?” என்றார். திரையின் மூலையில் நகத்தை விட்டு இழுக்க, ஒரு பொலித்தீன் முழுதாகக் கழன்று வந்தது. பெட்டியிலிருந்து வரும்போதே திரையில் ஒட்டியிருந்தது, நான் கௌரவமாக வைத்திருந்தது. அதில் இவ்வளவு நாளும் பட்ட என் வெற்றிலைப் பெருவிரலின் கறை. அதற்குக் கீழே திரையில், வவுனியாவில் வந்த அதே வெளிறிய படம் அப்படியே இருந்தது. அந்தப் பொலித்தீனுக்கும் பிலிம் என்றுதான் பெயராம், பொன்னையா விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

அக்கா சிரிக்கவில்லை. வவுனியாப் படத்தை எடுத்து, அந்தத் துண்டை எங்கள் இரண்டு முகத்துக்கும் மேல் வைத்துப் பார்த்தார். அளவாகப் பொருந்தியது. அப்படியே கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டார். “கொம்பியூட்டர் தொடயில்லைத்தானே? என்ர நரையும் இருக்கு. நிறம் உங்கட கை நிறம்தானே, இருக்கட்டும்” என்றார். பிறகு கதிரைகளின் பொலித்தீனையும் உரித்துப் போட்டுவிட்டு, குசினிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார்.

எனவே மேலே எழுதியதை ஒன்றும் கணக்கெடுக்க வேண்டாம், புதுக் கமராவும் வேண்டாம். நாளைக்கு வவுனியாவுக்குப் போய் றிஸ்கான் தம்பியிடம் அந்தத் தேத்தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்து, கூரையில் ஏறப்போகிறேன். கூரை வேய்வதற்கு மட்டும் நீர் போனில் வழி சொல்ல வேண்டாம்.