சத்தம் வராத கிற்றார்

யோகநாதனின் மானத்துக்கு யாழ்ப்பாணம் பெரியகடையில் விலை நூற்றெண்பத்தைந்து ரூபா. பேரம் பேசினால் நூற்றறுபதுக்கும் விடுவார்கள் என்ற நம்பிக்கையோடு அவன் கடைக்குள் நின்றான்.

கண்ணாடி அலுமாரிக்குள் மூன்று கரண்ட் கிற்றார்கள் தொங்கின. மூன்றும் யப்பானில் செய்தவை, மூன்றும் மலிவுச் சரக்கு. விலை கூடியவை மேல்தட்டில் இருந்தன. கடைக்காரர் அவனுடைய செருப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் கையே நீட்டவில்லை.

மூன்றில் ஒன்றுக்கு நாலு கம்பிதான். யோகநாதன் அதைக் காட்டி விலை கேட்டான். இருநூற்றிருபது என்றார்.

"ரெண்டு கம்பி குறையுது. விலை கூடுதோ?"

"அது பேஸ் கிற்றார், தம்பி. கம்பி தடிப்பு."

யோகநாதன் முரசுமோட்டைக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். வேலிக்கம்பியை நிறுத்து விற்கிறவன். தடித்த கம்பிக்கு விலை கூடத்தான் செய்யும் என்பது அவனுக்கு உடனே விளங்கியது. விளங்காதது ஒன்றுதான்: இந்த மூன்றில் எதையும் எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று.

விசயம் இதுதான். பளையில் தென்னந்தோட்டம் வைத்திருந்த வீரகத்தியரின் மகள் அருந்ததியை அவன் ரெயில் மேடையில் ஒரேயொரு தரம் பார்த்தான். அன்றிலிருந்து சீனி கேட்டு வந்தவர்களுக்கு உப்பை நிறுத்துக் கொடுத்தான். தாய் இராசேஸ்வரி நிலைமையை விளங்கிக்கொண்டு தரகர் அப்புத்துரையைப் பளைக்கு அனுப்பினாள். சாதகம் பொருந்தியது. பெண் வீட்டார் சும்மா இருக்காமல், பிள்ளை நல்லாச் சங்கீதம் பாடுவாள் என்று ஒரு சொல்லைக் கூடப் போட்டார்கள். தராசு ஒரு பக்கம் பதிவதைப் பார்த்துக்கொண்டிருக்க அப்புத்துரையால் முடியவில்லை. மாப்பிள்ளை கிற்றார் வாசிப்பார் என்று மற்றத் தட்டில் ஒரு படிக்கல்லை வைத்துவிட்டு வந்தார்.

"ஏன் அண்ணை கிற்றார்?" என்று யோகநாதன் அழாக்குறையாகக் கேட்டான்.

"வயலின் எண்டு சொல்லியிருந்தால் பளையில ஒருத்தர் வாசிக்கிறார், பிடிபட்டுப்போவம். கிற்றாரைப் பற்றி அங்க ஒருத்தருக்கும் ஒரு இழவும் தெரியாது. யோசிச்சுத்தான் சொன்னனான்."

பிள்ளையின் பாட்டைக் கேட்க வேண்டும் என்று இராசேஸ்வரி சொல்லி அனுப்பினாள். பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஆறட்டும் என்று பதில் வந்தது. கூடவே, பொம்பிளை பார்க்க வரும்போது மாப்பிள்ளை கிற்றாரைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்றும் வந்தது. வீட்டில் ஒரு கிற்றார்கூட இல்லாத கிற்றார்க்காரனுக்கு வீரகத்தியர் பெண் கொடுக்கப்போவதில்லை. ஆகவேதான் பெரியகடை.

கடைக்காரர் ஒரு மரக்கிற்றாரை எடுத்து, "இது எண்பது ரூபாதான்" என்று விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கடை முழுக்கச் சத்தம். யோகநாதன் இரண்டடி பின்வாங்கினான்.

"சத்தம் இல்லாதது ஏதும் இருக்கோ?"

கடைக்காரர் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு நியாயமான மனிதர் என்றபடியால் சிவப்பு நிறக் கரண்ட் கிற்றாரின் குறையைச் சொன்னார். அதற்குக் கரண்ட் வேணும்; கரண்ட் இருந்தாலும் தனியாக ஒரு பெட்டி வேணும்; பெட்டி இருநூறு ரூபா. இரண்டும் இல்லாவிட்டால் வாசிக்கிறவனுக்கு மட்டும் கொஞ்சம் கேட்கும், பக்கத்தில் இருக்கிறவனுக்கு அதுவும் கேட்காது.

"அப்ப அதையே கட்டுங்கோ. பெட்டி வேண்டாம்."

சரக்கின் குறையைச் சொன்னதும் முகம் மலர்ந்த வாடிக்கையாளனைக் கடைக்காரர் அன்றுதான் கண்டார். அந்தத் திகைப்பில் நூற்றெண்பத்தைந்திலிருந்து நூற்றறுபதுக்கு இறங்கிவிட்டார். தோள்வாரும் வயரும் இலவசம்.

யோகநாதன் பஸ்சில் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு ஆனையிறவு கடக்கும்போது தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான். வீரகத்தியரின் தோட்டப் பக்கம் கரண்ட் இல்லை. கிற்றாரைக் காட்டலாம், துடைக்கலாம், முறுக்கியை முறுக்கிப் பெருமூச்சு விடலாம். கரண்ட் இல்லாத ஊரில் பிறந்த கலைஞனைப் பார்த்து யாரும் இரங்காமல் இருக்க முடியாது.

மாப்பிள்ளையின் கிற்றார் கரண்டில்தான் வேலை செய்யும் என்று அப்புத்துரை பளையில் போய்ச் சொன்னார். அதுவரை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்த வீரகத்தியர் அதைக் கேட்டதும் கதிரையை விட்டே எழும்பிவிட்டாராம். கரண்ட்தானே பிரச்சினை, முல்லைத்தீவில் மரியநேசனிடம் கரண்ட் எஞ்சின் இருக்கிறது, தன் செலவிலேயே எடுப்பிக்கிறேன் என்றாராம். மாதா கோயில் திருநாளென்றாலும் அம்மன் கோயில் பொங்கலென்றாலும் ஒலிபெருக்கிக்கு மரியநேசன்தான்.

கரண்ட் வந்தாலும் பெட்டி இல்லையே என்று யோகநாதன் சொல்லி அனுப்பினான். மரியநேசனின் ஒலிபெருக்கிப் பெட்டியிலேயே கொழுவலாம், இரண்டு குழாயையும் தென்னையில் கட்டினால் இயக்கச்சி வரைக்கும் கேட்கும் என்று மறுமொழி வந்தது.

அவன் கேட்டது ஒரு அறைக்குள்ளேயே கேட்காத கிற்றார். இப்போது அது அடுத்த ஊருக்கும் கேட்கப்போகிறது.

கடைசி வழியாக வலது மணிக்கட்டில் ஒரு சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு, நெல்மூட்டை தூக்கி நரம்பு பிரண்டுவிட்டது என்றான். மூன்றாம் நாள் வீரகத்தியர் ஒட்டகப்புலத்து நரம்பு வைத்தியப் பரியாரி ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சங்கக்கடை வாசலில் வந்து இறங்கினார். பரியாரி கையைப் பிடித்துப் பார்த்தார். நரம்பு பிரளவில்லை என்று சொன்னால் தனக்குக் காசு வராது என்பதாலோ என்னவோ, நல்ல கையை இழுத்து ஒரு முறி முறித்தார். அரிசி வாங்க வந்த சனம் எல்லாம் உச்சுக்கொட்டியது. யோகநாதனுக்கு அதன்பிறகுதான் கை உண்மையாக நொந்தது. அந்த நோவுக்குப் பரியாரியே எண்ணெயும் தந்தார். குறித்த நாளுக்குள் கை சுகமாகிவிட்டது. அதுதான் பெரிய கவலை.

பொம்பிளை பார்க்கும் நாள் காலையில் அவன் மற்றவர்களுக்கு முன்னால் சைக்கிளில் பளைக்குப் போனான். மரியநேசன் மாமரத்துக்குக் கீழே படங்குத் துணியால் மறைப்புக் கட்டி, எஞ்சினையும் பெட்டியையும் இசைத்தட்டு மெசினையும் வைத்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். யோகநாதன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். இந்தச் சம்பந்தம் முறிந்தால் சங்கக்கடையில் இனி உப்பும் நிறுக்க மாட்டேன் என்றும் சொன்னான்.

மரியநேசன் ஆச்சரியப்படவேயில்லை. வயரின் நுனியைப் பெட்டிக்குப் பின்னால் சும்மா விட்டுவிடலாம், தன்னிடம் ஒரு கிற்றார் இசைத்தட்டு இருக்கிறது, தம்பி கையை ஆட்டினால் போதும் என்றார்.

"எவ்வளவு?"

"பத்து."

"அஞ்சு தாறன்."

"தம்பி, நீங்கள் வாங்கிறது இசைத்தட்டை இல்லை. பொம்பிளையை."

ஏழரை ரூபாவுக்குப் பேரம் முடிந்தது.

பதினொரு மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. யோகநாதன் கதிரையில் இருந்து சிவப்புக் கிற்றாரைத் தோளில் மாட்டினான். குழாய் முதலில் கொஞ்சம் கரகரத்தது. பிறகு தென்னை மரங்களுக்கு மேலால் அப்படி ஒரு வாசிப்பு. அவன் விரலை மேலும் கீழும் ஓட்டினான், கண்ணை மூடினான், தலையையும் ஆட்டினான். தலையாட்டிய உருக்கத்தில் வாசிப்பு முடிந்ததென்று நினைத்துக் கையை எடுத்துக் கும்பிட்டான். வாசிப்பு முடியவில்லை. குழாய் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

சனம் குழாயைப் பார்த்தது, அவனுடைய கூப்பிய கையைப் பார்த்தது.

"வயருக்குள்ள மிச்சக் கரண்ட் நிக்குது. அது வடிய வேணும்" என்றார் அப்புத்துரை.

எல்லாரும் பொறுமையாக இருந்தார்கள். கரண்ட் வடிந்து முடிந்தது. வீரகத்தியர்தான் முதலில் கை தட்டினார்.

அடுத்தது பெண்ணின் முறை. பிள்ளைக்குக் கூச்சம், அறைக்குள் இருந்துதான் பாடுவாள் என்று வீரகத்தியர் சொல்லி, மரியநேசனின் மைக்கை உள்ளே கொடுத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே யாரோ ஆர்மோனியமும் வைத்திருந்தார்கள் போல. முருகன் மேல் ஒரு பாட்டு. யோகநாதனுக்கு இராகம் தாளம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் மேலே போய்ச் சுழன்று, ஒரு பிசிறும் இல்லாமல் இறங்கி வந்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இராசேஸ்வரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பளைச் சனம் ஆளையாள் பார்த்துக்கொண்டது. சொந்த ஊர்ப் பிள்ளையின் அருமை இவ்வளவு நாளும் தெரியவில்லையே என்று அவர்கள் வெட்கப்படுவதாக யோகநாதன் நினைத்தான்.

பாட்டு முடிந்து அருந்ததி தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாடி வந்த களைப்பாக்கும் என்று அவன் நினைத்தான். அவன் கோப்பையை எடுக்கும்போது மெல்ல, "நல்லா வாசிச்சீங்கள்" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் அவனைக் கொன்றது. சங்கக்கடையில் நிறை குறைத்து விற்றவன் அல்ல அவன். இப்படிப்பட்ட ஒரு குரலுக்குப் பக்கத்தில் கள்ளத் தட்டு ஒன்றை வைத்துவிட்டு எப்படித் தாலி கட்டுவது? போனால் போகட்டும் என்று எழும்பினான்.

"மாமா, உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும். இந்த வாசிப்பு..."

"ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றார் வீரகத்தியர், அவசரமாக. "வாசிப்பும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். ரெண்டு பிள்ளையளும் நல்லா இருந்தால் சரி. அப்புத்துரை, தட்டை எடும்."

யோகநாதன் வாயை மூடுவதற்குள் வெற்றிலைத் தட்டு மாறி, தை மாதத்தில் நாளும் குறித்தாகிவிட்டது. தாய் அழுதாள். அப்புத்துரை தன் தரகுக் காசை நினைத்துச் சிரித்தார்.

சனம் சாப்பாட்டுக்குப் போனபோது யோகநாதன் மாமரத்துப் பக்கம் வந்தான். மரியநேசன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏழு ரூபா ஐம்பது சதத்தை எண்ணி அவர் கையில் வைத்தான். வைத்த பிறகும் போக மனமில்லை.

"அண்ணை, நெஞ்சு குத்துது. அந்தப் பிள்ளை உண்மையாப் பாடுது. நான் அதை ஏமாத்திப்போட்டன்."

மரியநேசன் காசை மடியில் முடிந்துகொண்டு, இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டார்.

"கிற்றார்த் தட்டுக்கு ஏழரை, உங்கட கணக்குச் சரி தம்பி. பாட்டுத் தட்டுக்கு உங்கட மாமா நேற்றே தந்திட்டார். அவர் ஆறுக்குப் பேசி முடிச்ச மனுசன்."