கேப்டன் உறங்குகிறார்

சேசு மரி சூசை துணை

மேலத்துறை,
2009 மே மாதம்.

அன்பு மச்சினன் சிஜோவுக்கு உன் அத்தான் ததேயுஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையாலும் மாதாவின் மன்றாட்டாலும் இங்கே நானும் உன் அக்கா கிளாராவும் மகள் லிஜாவும் சுகம். என் மீசையும் சுகம். கத்தாரில் உன் உடம்புக்கும் வேலைக்கும் அந்த வெயிலுக்கும் சேர்த்து ஜெபமாலையில் தினமும் ஒரு அருள் நிறைந்த மரியே தனியாகச் சொல்லி வருகிறோம். மீசையின் சுகத்தை எதற்கு இவர் தனியாக எழுதுகிறார் என்று யோசிப்பாய். நல்லா யோசி, ஏனென்றால் அதற்கு ஆபத்து வந்ததே உன்னால்தான்.

திருவிழாவுக்கென்று நீ லீவுக்கு வந்த பயலிடம் கொடுத்துவிட்ட கேப்டன் படத்தின் மூணாம் பாகம் வந்து சேர்ந்தது. ஏலே, அதை நீ போட்டுப் பாத்தியா? பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். நீ ஊரை விட்டுப் போய் நாளாகிவிட்டது, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். நம்ம ஊரில் திருவிழாவின் ஒன்பதாம் நாள் ஆராதனை முடிந்ததும் குருசடி மைதானத்தில் துணி கட்டி இங்கிலீஷ் படம் போடுவதும், படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் மைக்கைப் பிடித்துக் கதை சொல்வதும் வழக்கம். காலையில் கரையில் மீன் ஏலம் விடுகிற தொண்டைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? நடுவில் ஒரு வருசம் நம்ம இளைஞர் மன்றத்துச் செயலாளர் பெனின், தமிழிலேயே பேசுகிற படம் கிடைக்கிறது, அத்தான் எதற்கு என்று ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். ஜனங்கள் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. "இவன் என்னடே பாடப்புஸ்தகம் வாசிக்குகான், ததேயுச கூப்பிடு" என்று ஞானபாய் அக்கா எழுந்து நின்று கத்த, அன்றைக்கே மைக் என்னிடம் திரும்பி வந்தது. நம்ம ஜனங்களுக்குக் கேப்டன் "ஏலே இரும்பு, ஆம்பளையா இருந்தா இஞ்ச வாடே" என்று சொன்னால்தான் அது சண்டை.

அப்படித்தான் முதல் பாகம் போட்டோம். வானத்திலிருந்து இயந்திரப் பட்டாளம் இறங்கி ஊரெல்லாம் பிடிக்கிறது, அதற்குத் தலைவன் மலை உயரத்தில் ஒரு இயந்திரம், நான் அதற்கு இரும்புராசா என்று பேர் வைத்தேன், கேப்டன் ஒருத்தன்தான் எதிர்த்து நிற்கிறான். ஊரே விசில். போன வருசம் ரெண்டாம் பாகம். அதில் அந்தப் பாவிகள் என்ன செய்தார்கள் தெரியுமா, கேப்டனை ஒரு தீக்கிடங்குக்கு மேலே ஒற்றைக் கையில் தொங்கவிட்டுவிட்டு "தொடரும்" என்று போட்டுவிட்டார்கள். மைதானத்தில் ஒரே பெகளம், கூச்சல். ஞானபாய் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஒரு தாய் பெத்த பிள்ளைய தொங்கவிட்டுட்டு லைட்ட போடுகியாடா, நீ நல்லா இருப்பியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள். நானா தொங்கவிட்டேன்? ஆனால் மைக் கையில் இருந்தால் மனுசனுக்கு வாய் நிற்காது என்பது உனக்குத் தெரியும். "அடுத்த திருவிழாவுக்குக் கேப்டன் உயிரோட இறங்குவாரு, இரும்புராசாவ அடக்குவாரு, அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதே இடத்துல எனக்க மீசைய எடுக்குகேன், இது சத்தியம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் அப்பா சாவுக்குக்கூட எடுக்காத மீசை. அன்றிலிருந்து ஒரு வருசமாக நான் ஏலத்துக்கு நிற்கும்போதெல்லாம் பெனின் பக்கத்தில் வந்து, "அத்தான், மீசைய நல்லா வளருங்க, அறுவடைக்கு ஆளாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் லிஜாவும் உன் படத்தைப் போட்டோம். முதலில் ஒரு மேஜை. மேஜையைச் சுற்றி ஆட்கள். பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் பேசுகிறார்கள். "அப்பா, இது படமா, பேரன்ட்ஸ் மீட்டிங்கா?" என்று லிஜா கேட்டாள். தீக்கிடங்கில் தொங்கினவன் எப்படி இறங்கினான் என்று ஒரு வார்த்தை இல்லை, அவன்பாட்டுக்குக் குளித்து முழுகினவன் போல வேறு சட்டையில் வருகிறான். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் வந்து காலம் என்றால் என்ன, விதி என்றால் என்ன என்று பிரசங்கம் வைக்கிறார். நம்ம ஃபாதர்கூட அவ்வளவு நேரம் எடுக்க மாட்டார். கடைசியில் ஒரே ஒரு சண்டை, அதுவும் இருட்டில், யார் யாரை அடிக்கிறார்கள் என்று அடிவாங்கினவனுக்கே தெரியாது. பிறகு இரும்புராசா ஒரு மலைமேல் போய் அசையாமல் நிற்கிறது. கேப்டன் சட்டையெல்லாம் ரத்தமாக வந்து ஒரு நாற்காலியில் உட்காருகிறான். கண்ணை மூடுகிறான். செத்துப்போனான். அவ்வளவுதான், பேர் ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்று திருவிழாவாக ஊரைக் காக்க வைத்ததற்கு இதுவா கூலி? சவத்த படம்! என் கை தானாகவே போய் மீசையைப் பொத்திக்கொண்டது.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தேன். உன் அக்கா, "பூசைக்கு நல்லாத்தானே பாடினீங்க, இப்ப என்ன காச்சல்?" என்று போர்வையை உருவிவிட்டாள். படத் தட்டு உடைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றால், அதற்குள் ஃபாதர் கோயில் மைக்கிலேயே, "இன்று ஆராதனை முடிந்து கேப்டன் மூன்றாம் பாகம், கதை சொல்பவர் நமது ததேயுஸ்" என்று அறிவித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கிளாரா என் முகத்தை ஒரு நிமிசம் பார்த்தாள். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது மக்கா. மறுநாள் காலையில் மொழுமொழுவென்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வியாபாரிகள் முன்னால் எப்படி ஏலம் விடுவேன்? யார் மதிப்பான்? "நீங்க போங்க, மாதா பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனேன். மைதானம் நிறைந்து கிடக்கிறது. முன்வரிசையில் பெனின், மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டில் சவரக் கத்தி, கிண்ணத்தில் நுரை அடித்துத் தயாராக. மேஜைக் காட்சி வந்தது. ஜனங்கள் நெளிய ஆரம்பித்தார்கள். நான் பார்த்தேன், மேஜையைச் சுற்றி பத்துப் பேர், எல்லார் முகத்திலும் கோபம், இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது, நம்ம ஊர்க் கமிட்டிக் கூட்டமேதான்! உடனே ஆரம்பித்தேன். "இந்த வழுக்கைத்தலையன் கேக்குகான், எத்தன வருசமாட்டு கடல தடுக்க தூண்டில் வளைவு கேட்டு மனு குடுக்கோம், கல்லு வந்துதா? அந்தக் கண்ணாடிக்காரி சொல்லுகா, கடலு வந்து எனக்க வீட்டுச் சுவர எடுத்துட்டுப் போச்சு, ஆபீசர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனான்." அவ்வளவுதான், கைதட்டல் கிழிந்தது. தாடிக்காரர் வந்ததும் அவரைக் கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஆக்கினேன், "பரிசீலனையில இருக்கு, பரிசீலனையில இருக்கு" என்று அவர் பிரசங்கம் முழுவதையும் அந்த ஒரே வார்த்தையில் ஓட்டினேன், ஜனங்கள் அவரைப் பார்த்து மண்ணை வாரி எறிந்தார்கள், துணியில் இப்போதும் கறை இருக்கிறது. தீக்கிடங்கில் இருந்து எப்படி இறங்கினான் என்று ஒருத்தி கேட்டாள். "கயித்துல இறங்கினான், வள்ளத்துக்காரனுக்குக் கயிறு இல்லாமலா?" என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்த நாற்காலி வந்தது. கேப்டன் உட்கார்ந்தான். கண்ணை மூடினான். பெனின் தட்டோடு எழுந்து நின்றான். ஞானபாய் அக்கா, "அய்யோ எனக்க மக்களே..." என்று ஒப்பாரிக்கு ராகம் எடுக்கிறாள். மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டேன், கூப்பிட்டதும் வந்தது பார் ஒரு வாக்கு. "ஆரும் அழாண்டாம்! கேப்டன் உறங்குகாரு. மொதப் பாகத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த மனுசன் ஒரு நேரம் கண்ணு மூடி நீங்க பாத்தியளா? தங்கலுக்குப் போயி நாள்கணக்குல கடல்ல கெடந்துட்டு வந்தவன் உறங்கினா, அவன எழுப்புவியளா?"

சிஜோ, நம்ம ஊரில் தங்கல் போய்வந்த ஆண்பிள்ளை உறங்குகிற வீட்டில் பாத்திரம்கூட உருட்ட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். பெண்டுகள் எல்லாரும் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். ஞானபாய் அக்கா ஒப்பாரியை அப்படியே விழுங்கிவிட்டு, "சத்தம் காட்டாதீங்கட்டீ, பிள்ள உறங்குது" என்று சுற்றி உள்ளவர்களை அதட்டினாள். பெனின் விடவில்லை. "அப்ப சட்டையில ரத்தம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, அக்காவே திரும்பி, "மீன் அறுத்தவன் சட்டையில ரத்தம் இல்லாம சந்தனமாடே இருக்கும்? இரிலே கீழ!" என்றாள். இரும்புராசா என்ன ஆனான் என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவனத்தான் ஆரல்வாய்மொழி மலையில காத்தாடியா நட்டாச்சே, கரண்டு எடுக்குகாவ" என்றேன். "அப்ப ஏன் தினமும் கரண்டு போகுது?" "அவனுக்கு இன்னும் கோவம் ஆறல." அப்படிச் சிரித்தார்கள், சாமியார் பங்களாவுக்கே கேட்டதாம்.

வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். எனக்குத்தான் விட மனசில்லை. "இரிங்க, இரிங்க, இதெல்லாம் கேப்டன் காப்பாத்தினவங்களுக்க பேரு!" என்று சொல்லிவிட்டேன். மக்கா, எத்தனை பேர் என்கிறாய், நிற்காமல் ஏறிப் போகிறது. ஒவ்வொரு கூட்டமாக மேலே போகப் போக ஜனங்கள் கைதட்டுகிறார்கள். "அந்தக் கண்ணாடிக்காரி?" "உண்டு, அந்தா போகுகா." "ரெண்டாம் பாகத்துல ஒரு நாய் உண்டே?" "அதுவும் உண்டு, கீழ இருந்து மூணாவது." கடைசிப் பேர் மறையும்வரை ஒருவர் அசையவில்லை. பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு குருசடியை ஒரு சுற்று சுற்றினார்கள். பெனின் கிண்ணத்தில் நுரை காய்ந்து ஏடு கட்டிப்போயிருந்தது. தோற்றவன் என்றாலும் அவன் கையைப் பிடித்து, "அடுத்த தடவை நல்ல கத்தியா கொண்டு வா தம்பி" என்று சொன்னேன். ஃபாதர் மறுநாள் தேர்ப்பூசைப் பிரசங்கத்தில், நம்பிக்கையற்ற இடத்தில் நம்பிக்கை தருவது பற்றிப் பேசும்போது என் பக்கம் பார்த்தார், என் மீசை தானாக ஒரு விரக்கடை உயர்ந்தது. இந்தக் கரையில் இப்படி ஒரு வெற்றியை யாரும் பார்த்ததில்லை, இது சத்தியம்.

அந்தப் படத்தை எடுத்தவனை எங்கேயாவது கண்டால், முடிவு சரியில்லை, ஆனால் நாங்கள் சரிசெய்துவிட்டோம் என்று சொல். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா தன் முந்தானையை விரித்து உன்னைக் காப்பாளாக.

என்றும் உன் அன்புள்ள அத்தான்,
ததேயுஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அக்காவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா வியாழக்கிழமை வேளாங்கண்ணிக்குப் போகணும், வடசேரியில பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு" என்றாள். என்னத்துக்கு என்றேன். நான் மைதானத்துக்குப் போனதும் இவள் முழங்காலில் நின்று, ஊர் முன்னால் என் மீசை போகாமல் காப்பாற்றினால் எனக்கு மொட்டை போட்டு, மீசையும் தாடியும் மழித்து, காணிக்கை செலுத்துவதாக மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாள். "ஏட்டி, மீசைய காப்பாத்தினதுக்கு மீசையவா குடுக்குகது?" என்று கத்திவிட்டேன். "ஊர் முன்னால போகாண்டாம்னுதானே கேட்டேன். மாதா முன்னால போனா என்ன வெக்கம்?" என்கிறாள். நேர்ச்சையை மீறினால் கடல் சும்மா விடாது, உனக்கே தெரியும். துணைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று என் பக்கத்து சீட்டைப் பெனினுக்கு எடுத்திருக்கிறாள்.