‘ஆ’வில் தொடங்கிய டோபிக் கடை

பெயர் வைப்பதில் எனக்கு இருக்கும் ஞானத்தை என் குடும்பம் மதிப்பதே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒருமுறை வைத்திருக்கிறேன்.

போன வாரம் என் மகள் செல்வி ஒரு தாளோடு வந்தாள். புக்கிட் ரம்பாயில் அவள் நடத்தும் லாண்டரிக்கு இணையத்தளம் தொடங்கப் போகிறாளாம். தளத்தின் முகவரியிலேயே ‘மலாக்கா’, ‘பெஸ்ட்’, ‘சீப்’, ‘லாண்டரி’ என்று வேண்டிய சொற்களையெல்லாம் கோத்துவிட்டால், யாராவது தேடும்போது நம் கடை முதலில் வந்து நிற்குமாம். “அது நெசமாப்பா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையில் என் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் மலாயா சுதந்திரம் அடைந்த வருஷத்தில் நடந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் குளிக்கும்போதுகூடச் சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். (சட்டையே இருக்காது, அது வேறு விஷயம்.)

அப்பா மலாக்காவில், கஜா பேராங்கில், துணி வெளுக்கும் டோபிக் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அது ‘முனியாண்டி டோபி’. பலகை கிடையாது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் புதிதாக ஒரு நீராவி லாண்டரி திறந்ததும் வாடிக்கை கரையத் தொடங்கியது. இப்படியே போனால் கடையை மூடிவிட்டு அதே லாண்டரியில் கூலிக்குச் சேர வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

“போன் வச்சா வியாபாரம் வரும்லா” என்று யாரோ சொல்ல, அம்மாவின் வளையல் இரண்டு போய் போன் ஒன்று வந்தது. போன் புத்தகத்தில் பெயர் போடும் படிவத்தை நிரப்பும் பொறுப்பு ‘படிச்ச புள்ள’யிடம் வந்தது.

நான் மூன்று நாள் யோசித்தேன். புத்தகத்தைத் திறப்பவன் முதல் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பான். இங்கிலீஷ் ‘ஏ’ இரண்டைச் சேர்த்து ‘ஆ’ என்று தொடங்கினால் நமக்கு முன்னால் எவனும் வர முடியாது. அடுத்தது, டோபியைத் தேடுகிறவன் மனதில் என்ன சொல் இருக்கும்? வெளுப்பது, கறை எடுப்பது. அகராதியைப் புரட்டி, ‘எடுப்பது’ என்பதற்கு உள்ளதிலேயே நீளமான இங்கிலீஷ் சொல்லைப் பொறுக்கினேன். ‘ஆ ஒயிட்டனிங் அண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் ஆஃப் ஸ்டெய்ன்ஸ் முனியாண்டி டோபி.’

“என் பேரு எங்கடா?” என்றார் அப்பா.

“கடைசியில இருக்குப்பா.”

“கடைசியிலயா?”

“வியாபாரம்னா அப்படித்தாம்ப்பா.”

இத்தனை எழுத்துக்கு மேல் அச்சேறாது என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பரீட்சையில் தேறியவன் பொடி எழுத்தையெல்லாம் படிப்பானா?

புத்தகம் வந்தது. முதல் பக்கம், முதல் வரி: ‘ஆ ஒயிட்டனிங் அண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன்’. அதோடு சரி. கறையும் இல்லை, முனியாண்டியும் இல்லை, டோபியும் இல்லை. ‘ஆ, வெளுத்தலும் பிடுங்கலும்’ என்று மட்டும் நின்றது. அப்பா அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் பெயர் அதில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நாமதான் ஃபர்ஸ்ட்” என்றேன்.

மறுநாளே போன் அடித்தது. கடைப் பெயரைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பழக்கியிருந்தேன்.

“ஆஆ!” என்றார் அப்பா.

பேசியவர் தெங்கேராவில் மீன் விற்பவர். குரல் தெருவுக்கே கேட்டது. “மூணு நாளா வலி தாங்கலைங்க. மஞ்சளா வேற இருக்கு.”

அப்பாவுக்கு ‘மஞ்சள்’ மட்டும்தான் பிடிபட்டது. “கல்லுல நாலு அடி அடிச்சா வெளுத்துடுங்க.”

“கல்லுலயா?”

“ஆமாங்க. இன்னிக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க, வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்கங்க. கஞ்சி போடணுமா?”

அந்தப் பக்கம் போன் விழுந்த சத்தம் கேட்டது.

பல்லை வெளுத்துப் பிடுங்குகிற டாக்டர் என்று நினைத்து ஆளாளுக்குக் கூப்பிட, ஒரே வாரத்தில் மலாக்காவின் கடவாய்ப் பற்களெல்லாம் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டன. ஒரு வேட்டி வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு ஒரு யோகம் அடித்தது. கடலோர விடுதிக்கு சிரம்பானிலிருந்து மாற்றலாகி வந்த மேனேஜர், அப்பா வெளுத்த சட்டையை யார் மேலோ பார்த்து ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு விடுதி நிறைய விருந்தாளிகளாம். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு எல்லாம் நமக்கே. பிடித்துப்போனால் வருஷம் முழுக்க.

“போன் இருக்காய்யா?”

“இருக்குங்கய்யா. புக்குல பேரு போட்டிருக்கான் என் மவன். முனியாண்டிங்க.”

“சரி, நானே கூப்புடுறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள பேசி முடிக்கணும். இல்லேன்னா லாண்டரிக்குக் குடுத்துடுவேன்.”

அப்பா இதை வந்து சொன்னபோது, புத்தகத்தில் முனியாண்டியைத் தேடினால் கிடைக்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ, புதன்கிழமை அவர் நேரில் போய்க் கேட்கக் கிளம்பியபோதுகூட, “போய் நின்னா மதிப்பு கொறைஞ்சிடும்ப்பா, வியாபாரத்துல கெஞ்சக்கூடாது” என்று உட்கார வைத்தேன். (அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.)

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. “அப்பா, புக்குல…” என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது.

“ஆஆ!” என்றார் அப்பா.

“ஆஆ!” என்றது அந்தப் பக்கம்.

“ஆஆ!”

“ஆஆ… டாக்டர், கன்னம் வீங்கிப்போச்சு… உடனே வரலாமா?”

“ஐயா, இது டோபிக் கடைங்க. முனியாண்டி டோபி.”

போன் அதிர்ந்தது, விடுதி மேனேஜர்தான். “யோவ்! ஒன்னையத்தான்யா மூணு நாளா ‘எம்’முல தேடுறேன்! எங்கய்யா போய்த் தொலைஞ்சே?”

“எங்கயும் போவலீங்கய்யா, கஜா பேராங்குலதான் இருக்கேன்.”

“லாண்டரி வண்டி வாசல்ல நிக்குதுய்யா!”

“ஒரு பத்து நிமிசம் நிக்கட்டுங்கய்யா!”

சைக்கிளை அப்பா மிதித்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அப்பாவை அவ்வளவு வேகமாக நான் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது, மூட்டை ஏறவில்லை. மேனேஜர் ஒரு கன்னம் இளநீர்க்காய் மாதிரி வீங்கி வாசலில் நின்றார்.

“யாருய்யா அந்தப் பேரு வச்சது?”

அப்பா என்னைக் காட்டினார். “படிச்ச புள்ளைங்கய்யா.”

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார், வலி விடவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பினார். மூட்டையை அப்பா எடுத்துக்கொள்ள, மேனேஜரைச் சைக்கிளில் ஏற்றி நிஜமான பல் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தண்டனை எனக்குக் கிடைத்தது. வழி நெடுக என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்க முடிந்த அளவுக்குத் திட்டினார்.

நாடெங்கும் கொடி ஏறிய அந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் கொடியும் காலியாக இல்லை. விடுதியின் வெள்ளை விரிப்புகள் கஜா பேராங் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. அப்பா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலமே புதுப் படிவம் ஒன்றை என் முன்னால் வைத்தார். “என் பேரை எழுது. டோபின்னு எழுது. அதுக்கு மேல ஒரு எழுத்து போட்டே, கைய ஒடிச்சிடுவேன்.”

அந்த விடுதி வேலை பல வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது. அப்பா மட்டும் கடைசிவரை போனை “ஆஆ!” என்றுதான் எடுத்தார். அந்த ராசியை விட அவர் தயாராக இல்லை.

செல்வி இன்னும் தாளோடு நின்றுகொண்டிருந்தாள். “சொல்லுங்கப்பா, இந்தச் சொல்லெல்லாம் போட்டா மொதல்ல வருமா, வராதா?”

“வரும்மா. நானே வர வச்சிருக்கேன். ஆனா, ஒன்னைத் தேடி யாரு வருவாங்கன்னு…”

“பல்லு வலிக்காரன் வருவான்!” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

செல்வி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் பதிந்த முகவரியில் இரண்டே சொற்கள். தாத்தா பெயர், டோபி.