ஏரி பார்த்த மாடி

"ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியும்னீங்க. மாடுல்ல தெரியுது?"

போன வாரம் மாடியை வாடகைக்குப் பார்க்க வந்தவர் இப்படிக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அதற்கு முந்தின வாரம் வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்கு அந்தச் சிரிப்புதான் சுருக்கென்று தைத்தது.

ஏனென்றால் அந்த ஏரி அவருடைய ஏரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் அடுத்தவன் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், கோடை வந்தால் போதும், மாடி ஜன்னலோரம் மேசையைப் போட்டு, வாட்டர்கலரில் ஏரியை வரைய உட்கார்ந்துவிடுவார். ஏரி வற்றிப் பல வருடம் ஆகிறது. இப்போது அங்கே வெடித்த மண்ணும், நாலைந்து மாடுகளும், கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும்தான். அதெல்லாம் அவர் கைக்கு ஒரு தடையாகவே இல்லை. அவர் தாளில் ஏரி கரை தளும்பியது. படகு போயிற்று. அன்னம்கூட நீந்தியது.

"ஏரியில இல்லாத தண்ணியெல்லாம் உங்க பேப்பர்ல இருக்கு. குழாயில வர்ற கொஞ்சநஞ்சமும் உங்க பிரஷ் குளிக்கத்தான் போவுது" என்பாள் மனைவி.

"வெயில் காலத்துல கலர் சட்டுனு காஞ்சிடுது. தண்ணி நிறைய வேணும். உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரிய வேணாம். இந்த மாசத்துக்குள்ள மாடிக்கு ஆள் வருதான்னு பாருங்க. வரலேன்னா என் தம்பி வந்துடுவான். பாவம், அவனுக்கு எங்கயும் வீடு கிடைக்க மாட்டேங்குது."

கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. மைத்துனன் பேண்டு கோஷ்டியில் டிரம்பெட் வாசிப்பவன். விடிவதற்கு முன்பே எழுந்து சாதகம் செய்வான். ஒருமுறை விருந்தாளியாக வந்து சில நாள் தங்கியிருந்தான். அப்போது ஓடிப்போன பக்கத்து வீட்டு நாய் இன்றுவரை திரும்பவில்லை. அந்த டிரம்பெட் தன் தலைக்கு நேர் மேலே நிரந்தரமாகக் குடியேறுவதை நினைத்தாலே வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

இந்த நிலையில்தான் ஒரு பல் டாக்டர் போன் செய்தார். வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனை அறை, தண்ணீர் வசதி, வண்டி நிறுத்த இடம், எதுவும் இல்லை.

"ஏரிக்கரைத் தெரு வீடுதானே சார்? அந்த ஏரி இப்ப எப்படி இருக்கு?"

வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன்ல சொன்னா நல்லா இருக்காது டாக்டர். சாயங்காலம் நேர்ல வந்து பாருங்க" என்றார்.

போனை வைத்ததும் துள்ளிக் குதிக்காத குறை. "பாத்தியா? முதல் கேள்வியே ஏரிதான்! ரசனை உள்ள மனுஷன்!"

"அதான் சொல்றேன். ஏரி வத்திப்போச்சுன்னு நேரா சொல்லிடுங்க. வர்றவங்க வரட்டும்."

"உண்மையைச் சொல்லி எவன் வீட்ட வாடகைக்கு விட்டிருக்கான்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தையே பண்ணலாங்கறாங்க. நாலு பொய் சொல்லி ஒரு மாடிய விடக்கூடாதா?"

அவள் தம்பிக்குப் போன் பண்ணுவதற்காகச் செல்போனைத் தேட ஆரம்பித்தாள்.

அவர் மாடிக்கு ஓடினார். ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தி, கொக்கியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பரணில் கிடந்த படங்களையெல்லாம் இறக்கிச் சுவர் முழுக்க மாட்டினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். நடு அறையில் நின்றபோது, தனக்கு நீச்சல் தெரியாதே என்று அவருக்கே தோன்றியது. புதிதாக வரைந்துகொண்டிருந்த படம் மேசையில் இருந்தது. பக்கத்தில் பிரஷ் கழுவும் வாளி.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கூடவே மனைவி, அம்மா. அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். நல்லவேளையாக வாசல் தெருப் பக்கம். ஏரி வீட்டுக்குப் பின்னால், மாடி ஜன்னலிலிருந்து மட்டுமே தெரியும்.

"வாங்க டாக்டர், வாங்கம்மா."

டாக்டர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது... எந்த ஏரி சார்?"

"நம்ம ஏரிதான்! எல்லாம் என் கையால வரைஞ்சது. இந்த ஜன்னலத் திறந்தா இதேதான்."

டாக்டரின் முகம் சுருங்கியது. அவர் மனைவி இன்னும் ஓர் அடி அவர் பக்கம் ஒட்டி நின்றாள். வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். வேறென்ன, தண்ணீர் போதவில்லை.

"இது கோடைல வரைஞ்சது டாக்டர். அதான் கொஞ்சம் கம்மியாத் தெரியுது. நீங்க மழைக்காலத்துல பாக்கணும்!"

"கம்மியா?" என்றாள் டாக்டர் மனைவி, மெல்லிய குரலில்.

"இது என்னம்மா! ஐப்பசி பொறந்துட்டா அலை வந்து நம்ம பின் சுவத்துல மோதும். ராத்திரி படுத்தா சளக் சளக்னு கேக்கும். தாலாட்டு மாதிரி இருக்கும்."

டாக்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் அதைப் புழுக்கம் என்று எடுத்துக்கொண்டு மின்விசிறியை வேகமாக வைத்தார்.

"ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும் சார்?"

"தூரமா? கைய நீட்டினா தண்ணி!"

"கரை கிரை ஏதாவது உயரமா..."

"சேச்சே, கரையெல்லாம் மறைக்காது. பயப்படாதீங்க."

டாக்டரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர், "அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்க சார், நேர்லயே பாத்துடறேன்" என்றார்.

வீட்டுக்காரர் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். "அது... ஈரக்காத்துல மரம் உப்பிப்போய்க் கதவு இறுகிடுச்சு. நாளைக்கு ஆசாரி வர்றார். அதுக்குள்ள நான் ஒண்ணு பண்றேன், உங்க கண்ணு முன்னாலயே வரைஞ்சு காட்டிடறேன்!"

மறுமொழிக்குக் காத்திராமல் மேசைக்குப் பாய்ந்தார். பிரஷை வாளியில் முக்கி, நீலத்தைக் குழைத்து, படத்தில் மிச்சமிருந்த கரையையும் அழித்தார். அந்தப் படத்தில் ஓரமாக ஒரு சின்ன வீடு இருந்தது. அது இடுப்பளவு மூழ்கியது. டாக்டர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஹா, இப்போதுதான் மசிகிறார்கள் என்று அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீலம் எடுக்கத் திரும்பியபோது கால் வாளியில் இடித்தது.

வாளி சாய்ந்தது. ஜன்னலுக்குக் கீழேயிருந்து தண்ணீர் தரையில் சரசரவென்று பரவி வந்தது. லேசான நீல நிறம் வேறு.

மறுபக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் அம்மாவுக்குக் கால் நனைந்தது. திரும்பிப் பார்த்தவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, தண்ணி உள்ள வருதுடா!" என்று அலறினார்.

இங்கே வீட்டுக்காரர் வாளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு. ஆனால் தண்ணீர் ஜன்னல் பக்கமிருந்து வந்ததைப் பார்த்ததும் அவர் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. ஏரி இருப்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வாளியைக் குதிகாலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

"பதறாதீங்கம்மா. ஏரியில அலை கொஞ்சம் வேகமா அடிச்சா ஜன்னல் இடுக்கு வழியா வரும். வழக்கம்தான்."

"மாடிக்கா?" என்றார் டாக்டர்.

"மாடிக்குத்தான்!" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

அவ்வளவுதான். ஏறும்போது படிக்குப் படி மூச்சு வாங்கிய அம்மாள், இறங்கும்போது மகனையும் மருமகளையும் முந்திக்கொண்டார். வீட்டுக்காரர் ஈரப் படத்தைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடினார்.

"டாக்டர்! வாடகையக் குறைச்சுக்கறேன்! படம் எல்லாத்தையும் சும்மாவே தர்றேன்! என்ன குறைன்னு சொல்லிட்டாவது போங்க!"

"வீடு ரொம்ப நல்லா இருக்கு சார். எங்களுக்குத்தான் குடுத்துவைக்கல" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கார் சாவியைத் திருப்பினார்.

வாசலில் வீட்டுக்காரரின் மனைவி செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாடா தம்பி, மாடி காலிதான். நாளைக்கே வந்துடு. ஆமா, அதையும் எடுத்துக்கிட்டு வா. நல்லா வாசி, இங்க யாரு கேக்கப்போறாங்க?"

வீட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. கையிலிருந்த படத்தின் நீலம் வழிந்து அவர் வேட்டியில் சொட்டியது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, நீங்களாவது சொல்லுங்க. இதுக்கு மேல ஒரு ஏரில என்னம்மா வேணும்?" என்று கெஞ்சினார்.

டாக்டரின் அம்மாவுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கண்ணாடியை இறக்கினார்.

"உங்க மேல ஒரு குறையும் இல்லப்பா. போன மழையில ஆத்துத்தண்ணி வீட்டுக்குள்ள வந்து, கட்டிலோட மிதந்தவங்க நாங்க. இந்த ஏரி சுத்தமா வத்திப்போச்சு, மாடுதான் மேயுதுன்னு யாரோ சொன்னத நம்பித்தான் இவ்வளவு தூரம் ஓடி வந்தோம்."