பகல் உறக்கத்துக்கு ஒரு ரிமோட்

பகலில் உறங்குகிற ஒருவனைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். உறங்குகிறவனை எழுப்புவது பிழை. எழுப்பிக் கதைக்குள்ளும் இழுத்துவிடுவது அதனினும் பெரும்பிழை. ஆயினும் காளீஸ்வரன் அந்நேரம் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆகவே பிழை சற்றுக் குறையும் என்ற நம்பிக்கையில் இதனைத் தொடங்கலாம்.

அப்பொழுது மணி பதினொன்றரை. தலைக்கு அடியில் இருக்க வேண்டிய தலையணையைத் தலைக்கு மேல் வைத்து அமுக்கியபடி அவன் படுத்திருந்தான். அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் அவனுக்கு இரவு வேலை. காலை ஆறரைக்கு வீடு திரும்புவான். மனைவி சுகந்தி எட்டு மணி பஸ்ஸில் திருச்சுழிக்கு, ஒரு ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்விடுவாள். அதன்பின் வீட்டில் அவனும் உறக்கமும் மட்டுமே இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கார அம்மாளின் டிவி இருந்தது.

வீட்டுக்கார அம்மாள் கோகிலாம்பாள் முன்கட்டில் தனியாக இருந்தாள். பின்கட்டு காளீஸ்வரனுக்கு வாடகைக்கு. நடுவே ஒரு சந்து. சன்னலுக்கு நேரே சன்னல். அம்மாள் நாற்காலியில் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். டிவி அவனைப் பார்த்திருக்கும். சத்தத்தின் அளவு திரையில் பச்சை எண்ணாகத் தோன்றுவதை அவன் பாயில் படுத்தபடியே படிக்கலாம். நாற்பத்திரண்டு.

அரைத் தூக்கத்தில் நாடகத்து மருமகள்கள் அவனுடைய தறியருகே வந்து நின்று அழுதார்கள். நாடா ஓடுகிற ஓசைக்கு நடுவே ஒரு மாமியார் பாலில் விஷம் கலந்தாள். அவன் பாவு நூலை விலக்கிக்கொண்டு தடுக்க ஓடினான். அங்கே விளம்பரம் வந்துவிட்டது.

ஒருமுறை நேரில் போய்க் கேட்டும் பார்த்தான்.

“அம்மா, டிவி சத்தம்...”

“ஏன் தம்பி, அங்க கேக்கலையா? கூட்டவா?”

“இல்லம்மா, கேக்குது. நல்லாவே கேக்குது.”

“கேக்கட்டும். நீயும் தனியாத்தான கெடக்க.”

அவன் திரும்பி வந்து பாயில் படுத்தான். கோடையிலும் தண்ணீர் வற்றாத வீடு அது. பகைத்துக்கொண்டு போனால் இன்னொன்று கிடைக்காது.

ஆனால் முந்தின வாரம் அவன் தறிக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். பாவில் இழைகள் அறுந்து அறுந்து ஒரு சேலை பாழாயிற்று. முதலாளி சௌந்தரபாண்டியன் கோபப்படாமல் பேசினார். அதுதான் அச்சமாக இருந்தது.

“காளி, இன்னொரு சேலை போச்சுன்னா, நீயும் கூடப் போயிரணும்.”

பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ரிமோட் கடை வைத்திருந்த உதயகுமார் அவனோடு பரளச்சிப் பள்ளியில் படித்தவன். காளீஸ்வரன் அவனிடம் போய் முறையிட்டான்.

“ஏலே, இதுக்கா அழுவுற? இந்தா, எல்லாத்துக்கும் ஒரே ரிமோட்டு. சன்னல் வழியா நீட்டு, சத்தத்தக் கொறை, தூங்கு.”

“திருட்டுத்தனமால்ல இருக்கு?”

“டிவியவா திருடுற? சத்தத்தத்தான திருடுற.”

அந்த ரிமோட்டுடன் ஒரு சிறு புத்தகமும் வந்தது. அதில் பன்னிரண்டு பக்கத்துக்கும் நான்கு இலக்க எண்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, டிவி எதற்குக் கட்டுப்படுகிறதென்று பார்க்க வேண்டும். காளீஸ்வரன் இரண்டு பகல் முழுதும் சன்னல் கம்பிக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளி அவன் கையிலிருந்து புறப்பட்டுச் சந்தினைத் தாண்டிப் போவதாக உதயகுமார் சொல்லியிருந்தான். நெடுக ஓடும் பாவுக்குள் குறுக்கே ஊடை இழை போவதைப் போல அது போகிறது என்று அவன் எண்ணிக்கொண்டான். அந்த எண்ணத்திலேயே இருமுறை நின்றபடி கனவு கண்டான்.

நூற்றுப் பதினாறாவது எண் பாதி வேலை செய்தது. சத்தம் குறைக்கும் பொத்தானை அழுத்தினால் சேனல் மாறிற்று. நாடகம் போய்ச் செய்தி விவாதம் வந்தது. ஒருத்தி அழுத இடத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கோகிலாம்பாள் மெல்ல எழுந்து டிவி அருகே போய், தன் ரிமோட்டை அதன் மேல் ஒட்டினாற்போல் வைத்து நாடகத்தை மீட்டாள். போகிற போக்கில் நாற்பத்தைந்தாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“புத்தகத்துல இல்லாட்டி அசல்ல இருந்துதான் பிடிக்கணும்,” என்றான் உதயகுமார். “இது படிக்கிற ரிமோட்டுடா. ரெண்டையும் மூக்கோட மூக்கு வையி. அதுல அமுக்குனா இது மனப்பாடம் பண்ணிக்கிரும்.”

செல் மாற்றித் தருவதாகச் சொல்லிக் காளீஸ்வரன் அம்மாளின் ரிமோட்டை வாங்கி வந்தான். வாங்கியபோது வந்த அதே பாலித்தீன் உறை. அதன் மேல் இரண்டு ரப்பர் பேண்டு. தன் அறையில் வைத்துச் செய்தால் சன்னல் வழியே தெரிந்துவிடும் என்று அஞ்சி மொட்டை மாடிக்கு ஏறினான். உச்சி வெயில். இரண்டையும் தரையில் மூக்கோடு மூக்கு வைத்தான். பொத்தானைத் தொடுமுன்பே புதிய ரிமோட் பாடம் முடிந்ததாக மூன்று முறை கண் சிமிட்டிற்று. கெட்டிக்கார ரிமோட் என்று அவன் நெகிழ்ந்துபோனான். கீழே வந்து அழுத்தினால் டிவி அசையவில்லை.

போன் செய்தான்.

“எங்க வச்சுப் பிடிச்ச?”

“மாடியில.”

“வெயில்லயா? ஏலே, வெயிலுக்குள்ளயும் அந்த வெளிச்சம் இருக்குடா! நீ அருப்புக்கோட்டை வெயில மனப்பாடம் பண்ண வச்சிருக்க.”

“அப்ப இத அமுக்குனா என்ன ஆகும்?”

“வேர்க்கும்.”

ஆகவே அவன் அறைக்குள் கம்பளிப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதற்குள் இரண்டு ரிமோட்டுகளையும் எதிரெதிரே பிடித்தான். சித்திரை மாதத்துக் கம்பளி. அம்மாள் வீட்டில் வேலை பார்க்கும் சந்தனம்மாள் ரிமோட்டைக் கேட்டு வாங்கிப்போக வந்தவள், வாசலில் நின்று அந்தக் கம்பளி மூட்டையைப் பார்த்தாள்.

“தம்பி, சளியா?”

“மூக்கு சரியா வரலக்கா,” என்றது கம்பளி.

“நொச்சிய போட்டு வேது பிடிங்க,” என்று இரக்கத்துடன் சொல்லிவிட்டு அவள் போனாள்.

மூக்கு வரவில்லைதான்; புதிய ரிமோட் எதையும் பிடிக்கவில்லை. அசல் ரிமோட்டிலிருந்து ஒளி வருகிறதா என்பதைச் செல்போன் கேமராவில் பார்க்கலாம் என்று உதயகுமார் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. பார்த்தான். மங்கிய ஒரு புள்ளி. பாலித்தீனைப் பிரித்தான். ரிமோட்டின் மூக்கில், ஒளி வருகிற குமிழின் மேலேயே, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அம்மாள் டிவியின் அருகே போய்ப் போய் அழுத்தியது அதனால்தான்.

கைலி நுனியை நனைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பொட்டைத் துடைத்தான். மீண்டும் கேமராவில் பார்த்தபோது கம்பளியின் இருளுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுடர் பூத்தது, அணைந்தது, பூத்தது. இத்தனை அழகான ஒன்று வீடுதோறும் கண்ணுக்குத் தெரியாமல் பறந்துகொண்டிருக்கிறதா என்று அவன் வியர்வை ஒழுக வியந்தான். சத்தம் குறைத்தல், ஊமையாக்கல், நிறுத்தல் ஆகிய மூன்றும் பிடிபட்டன. அசல் ரிமோட்டை மறுபடி உறையிலிட்டு அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சன்னலில் கையை நீட்டி அழுத்தினான். நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, எட்டு. ஊர் முழுதும் பஞ்சு பெய்தாற்போல் ஓர் அமைதி இறங்கிற்று. பாயில் சாய்ந்தவன் தன் பெயரை மறந்தான். காற்றில்லாத கரிசல் காட்டின் மேல் கத்தரிப்பூக்கள் மிதந்து போயின.

அந்த உறக்கம் ஒன்பது நிமிடம் நீடித்தது.

விழித்தபோது டிவி ஐம்பதில் இருந்தது. அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. பொட்டுத் துடைத்த ரிமோட் இப்போது நாற்காலியிலிருந்தே வேலை செய்தது.

அவன் எட்டாக்கினான். அம்மாள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள், பிறகு ஐம்பத்தைந்தாக்கினாள். மறுநாள் ஊமையாக்கினான், அறுபதாயிற்று. அதற்கடுத்த நாள் டிவியையே நிறுத்தினான். அம்மாள் அதை மறுபடி போட்டு எழுபதுக்கு ஏற்றினாள். ஏற்றிவிட்டு டிவியைப் பார்த்து உரக்கச் சொன்னது சந்தினைத் தாண்டி வந்தது.

“ம்ம்... இப்பக் கொறைங்க பாப்போம்!”

அவன் ரிமோட்டைப் பாய்க்கு அடியில் ஒளித்தான். மாலையில் சுகந்தியிடம் சொன்னான்.

“கண்டுபிடிச்சுட்டாக சுகந்தி. என்னயச் சவாலுக்குக் கூப்புடுறாக.”

“நீங்க பேசாம ரிமோட்ட ஒடச்சுப் போடுங்க. காலையில பாத்தேன், அந்தம்மா புதுச் சுங்கடிச் சேல கட்டி, தல நெறையாப் பூ வச்சிருந்தாக. ரெண்டு டம்ளர்ல காப்பி ஆத்துறாக.”

“ரெண்டா? ஆள் சேக்குறாக போலயே!”

இவ்வாறு அந்தப் போர் நடந்தது. அவன் குறைப்பான், அவள் சிரித்துக்கொண்டே கூட்டுவாள். ரிமோட் வாங்கியதிலிருந்து இருபத்தாறு நாளாகப் பகலில் சரியாக உறங்காத காளீஸ்வரன், இருபத்தாறாம் நாள் இரவு ஓடுகிற தறியின் முன் நின்றபடி, மிக இனிமையாக, மிக ஆழமாக உறங்கிப்போனான். பச்சைப் பட்டுக்கரைச் சேலை ஒன்று முந்தியோடு நாசமாயிற்று.

விடியற்காலை சௌந்தரபாண்டியன் அவன் தோளில் கை வைத்தார்.

“காளி, நீ இனிமே ராத்திரியில தூங்கு. வீட்டுல தூங்கு.”

வீட்டுக்கு வந்தவன் படுக்கவில்லை. பதினொரு மணிக்கு முன்கட்டு டிவி எண்பதில் அலறத் தொடங்கியதும், ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனான். செய்ததையெல்லாம் சொல்லி, ரிமோட்டை அம்மாளின் காலடியில் வைத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தான். வாசலில் சந்தனம்மாள் வழிமறித்தாள்.

“விடுங்கக்கா, அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். இந்தச் சத்தத்தால என் வேலயே போச்சு.”

சந்தனம்மாள் உதட்டில் விரல் வைத்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் காதோரம் குனிந்து சொன்னாள்:

“இப்ப உள்ள போகாதீங்க தம்பி. ‘காது கிழியுது, கொறை கோகிலா’ன்னு வையிற அம்மா வீட்டுக்காரரு அண்ணாச்சி தவறி மூணு வருசமாச்சு, இந்த மாசந்தான் அவுக வந்து வந்து கொறைச்சுட்டுப் போறாகளாம், இன்னும் கொஞ்சம் கூட்டுனா வாயத் தொறந்து வைஞ்சுருவாகன்னு அம்மா காத்துக்கிட்டு இருக்காக.”

போனவை: வேலை ஒன்று, சேலை இரண்டு, பகல் உறக்கம் இருபத்தாறு, அதற்குப் பிறகும் சன்னலில் கையை நீட்டி அந்த ரிமோட்டில் அழுத்தித் தீர்த்த செல்கள் நான்கு.