லியோனுக்கு ஒரு பச்சை கவுன்

"அக்கா, பிரான்ஸ்ல டின்னருக்கு வெளிய போனா என்ன உடுத்தணும்?"

ஜெயாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டின் மேல் கொஞ்சம் பலமாகவே உட்கார்ந்தது.

கேட்டவள் மோகனா, ஜெயாவின் கணவர் செல்லையாவுடைய தம்பி மனைவி. மலைக் கிராமமான கோலா தெர்லாவில் தக்காளி போட்டு இரண்டே வருடத்தில் மாடி வீடு கட்டியவள். மாடி வீட்டை ஜெயா எப்படியோ பொறுத்துக்கொண்டாள். அடுத்து வந்த புதுக் காரையும் பொறுத்துக்கொண்டாள்.

"யாரு போறா பிரான்ஸுக்கு?"

"எங்க மக தனுஜா டிக்கெட் அனுப்பிருக்குக்கா. ரெண்டு பேருக்கு. அது வேலை செய்யிற லியோன் டவுன்ல எல்லாம் பெரிய பெரிய ரெஸ்டாரண்டாம். கண்ட உடுப்புல போனா ஒரு மாதிரி பாப்பாங்களாம். நீங்கதான் டெய்லி வெள்ளக்காரங்களுக்கு டீ ஊத்துறீங்க. உங்களுக்குத் தெரியாததா லா?"

புருசனும் பெண்டாட்டியுமாக பிரான்ஸா! ஜெயாவுக்கு வயிறு எரிந்தது.

எஸ்டேட் டீக்கடையில் இருபத்தொரு வருட வேலை. அங்கே அவள் பார்த்த வெள்ளைக்காரர்கள் எல்லாருமே அரைக்கால் சட்டையும் மழைக்கோட்டும் போட்டவர்கள்தான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

"கறுப்பு, சாம்பல் எல்லாம் அங்க சாவு வீட்டுக்குத்தான்" என்றாள். "டின்னர்னா பளபளன்னு கிளிப்பச்சை. கால் வரைக்கும் கவுன். அப்பத்தான் மதிப்பான்."

மோகனா ஒரு வார்த்தை விடாமல் போனில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே அழைப்பு வந்தது.

"அக்கா, தக்காளி லோரி வர்ற நேரம், என்னால நகர முடியல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதானே? சுஹைலா கடையில நீங்களே போட்டுப் பாத்துச் சொல்லிடுங்களேன்."

ஜெயா ஓடினாள். எவ்வளவு கோரமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பிரிஞ்சாங்கில் தையல்கடை வைத்திருந்த சுஹைலா, கவுனை மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"மாஷா அல்லாஹ்! அக்கா, கண்ணாடியப் பாருங்க."

கண்ணாடியில் நின்றவளை ஜெயாவுக்கே அடையாளம் தெரியவில்லை. பத்து வயது குறைந்து, கழுத்து நீண்டு, யாரோ பெரிய இடத்துப் பெண் நின்றாள். இந்த அழகோடு மோகனா போய் லியோனில் உட்காரப் போகிறாள்! ஜெயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரொம்ப மொட்டையா இருக்கு" என்றாள். "தோள்ல ரெண்டு பெரிய சிவப்புப் பூ வை. முட்டைக்கோஸ் சைஸ்ல."

சுஹைலா பூ வைத்துக் குத்தினாள். துணி தைக்கக் காத்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து வந்து, தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

ஜெயா பல்லைக் கடித்தாள்.

"இடுப்ப ரெண்டு இஞ்ச் பிடி."

"அக்கா, அப்புறம் உக்காந்து சாப்பிட முடியாதே."

"பரவாயில்ல. சுத்தி இருக்கிறவங்க சாப்பிடுறத பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் செல்லையா கேட்டார்: "கவுன் எப்படி? நல்லாருக்கா?"

"நல்லாருந்தா உங்களுக்கு என்ன? தம்பி பெண்டாட்டிக்குப் பொட்டி தூக்கப் போறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். அந்தச் சிரிப்பும் ஜெயாவுக்கு எரிச்சலைத்தான் கூட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மோகனா மறுபடியும் வந்தாள்.

"அக்கா, காலுக்கு?"

"ரப்பர் பூட்ஸ். தோட்டத்துல போடுவோமே, அதான்."

"கவுனுக்கா?"

"அது மழை ஊரு, மோகனா. அங்க இப்ப அதான் ஃபேஷன்."

"சாப்பிடும்போது கத்தி, முள்கரண்டி எது எந்தக் கையில?"

"ரெண்டையும் தொடாத. கையால சாப்பிட்டாத்தான் சமையல்காரருக்கு மரியாதை. முடிஞ்சதும் எந்திரிச்சு நின்னு பலமா ஏப்பம் விடணும்."

மோகனா எல்லாவற்றையும் குறித்து முடித்து, ஜெயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லாட்டி நான் என்னக்கா செஞ்சிருப்பேன்?"

அவள் போன பிறகு ஜெயாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டில், நாலு பேர் நடுவில், பெற்ற மகள் எதிரில், பூட்ஸ் காலோடு எழுந்து நின்று ஏப்பம் விடும் மோகனா கண் முன்னால் வந்து வந்து போனாள். பாவம், நம்பிக் கேட்டவள். எல்லாம் சும்மா சொன்னது என்று சொல்லிவிடலாமென்று போனை எடுத்தாள்.

வாட்ஸ்அப்பில் மோகனா ஒரு படம் போட்டிருந்தாள். புத்தம் புதுப் பயணப் பெட்டிகள் இரண்டு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கீழே ஒரு வரி: 'நாங்க ரெடி!'

ஜெயா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏப்பம் விடட்டும், நல்லா விடட்டும்!

பயணத்துக்கு முந்தின நாள் சுஹைலா பெரிய பார்சலோடு மூச்சிரைக்க டீக்கடைக்கு ஏறி வந்தாள்.

"இத மோகனா வீட்ல குடுக்காம இங்க ஏன் தூக்கிட்டு வந்த?" என்றாள் ஜெயா.

சுஹைலா பார்சலை மேசை மேல் வைத்து, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"மோகனாக்கா அவங்களுக்குக் கறுப்புல சாதாரணமா ஒண்ணு தச்சுக்கிட்டாங்க, நாளைக்கு அவங்களோட பிளேன் ஏறப் போறது நீங்கதானேக்கா, உங்க பாஸ்போர்ட்டக் கூட செல்லையா அண்ணன் ரகசியமா எடுத்துக் குடுத்துட்டாராம், அதான் 'அக்கா ஆசப்பட்டுச் சொன்னது எல்லாம் அக்காவுக்கே'ன்னு பூட்ஸ் வரைக்கும் வாங்கி உள்ள வச்சிருக்காங்க!"